ஹவுரா பாலத்தைக் கீழிருந்து பார்த்தோம்

ஜனவரி 17, 2025, வெள்ளி

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹவுராவில் இறங்கும்போது விடியற்காலை மூன்றரை மணி. வண்டி நாலு மணி நேரம் தாமதம். இந்த நேரத்தில் போய் விடுதிக்காரரை எழுப்ப வேண்டாம் என்று அப்பா நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கங்காசாகரில் சங்கராந்தி நீராடிவிட்டு ஊர் திரும்புகிற கூட்டம் தரை முழுக்கப் படுத்திருந்தது. போர்வை, மூட்டை, கங்கை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன். கால் வைக்க இடமில்லை. பக்கத்தில் இருந்த பீகார் பாட்டி ஒருவர், கேட்காமலேயே பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு இரண்டு தில்குட் கொடுத்தார். எள்ளும் வெல்லமும் இடித்துத் தட்டையாகத் தட்டியது, வாயில் வைத்ததும் பொடிந்துவிடுகிறது. பதிலுக்கு அப்பா முறுக்கு டப்பாவை நீட்டினார். அவருக்கு இந்தி வராது, பாட்டிக்குத் தமிழ் வராது. ஆனாலும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா திருவெறும்பூரில் பாய்லர் தொழிற்சாலை வெல்டராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரே இடம் ஹவுரா பாலம். தாஜ்மகால் போகலாமா என்று கேட்டால், "அதுல இரும்பு எங்கம்மா இருக்கு" என்பார்.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம். நல்ல குளிர், பனி மூட்டம். பாலத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. 280 அடி உயரக் கோபுரங்களின் தலை பனிக்குள் போய்விட்டது. பெயர்ப் பலகையில் ரவீந்திர சேது என்றுதான் இருக்கிறது. 1965 ஜூன் 14-இல் தாகூர் நினைவாக அந்தப் பெயரை வைத்தார்கள். நாங்கள் கேட்டவரை ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு "ஹவ்டா, ஹவ்டா" என்றுதான் கத்துகிறார்கள்.

நடந்தே கடந்தோம். இருபுறமும் 15 அடி அகலத்துக்கு நடைபாதை இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அது போதவில்லை. தினமும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நடந்து கடக்கும் பாலம் இது. புறநகர் ரயில்களில் வந்து இறங்குகிற கூட்டம் அப்படியே பாலத்தில் ஏறுகிறது. தலையில் கோழிக் கூண்டு, காய்கறிக் கூடை, துணி மூட்டை என்று சுமந்து வருகிறவர்கள் நடப்பதில்லை, சின்ன ஓட்டமாக ஓடுகிறார்கள். அவ்வளவு கனத்தோடு நடுவில் நிற்க முடியாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒருவருடைய கூடை உரசி அப்பாவின் குரங்குக் குல்லா கீழே விழுந்தது. குனிந்தால் மிதித்துவிடுவார்கள். பின்னால் வந்த கல்லூரிப் பையன் ஒருவன் அதை எடுத்துத் தட்டி, அப்பாவின் தலையிலேயே மாட்டி, "தாது (தாத்தா), ஓரமா வாங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான்.

நடுப்பாலத்தில் நான் போனை எடுத்ததும் ஒரு போலீஸ்காரர் வந்தார். மேலே நின்று படம் எடுக்கக் கூடாது என்றார். குரலை உயர்த்தவில்லை. "கீழே பூ மார்க்கெட்டுக்குப் போங்க, இதைவிட நல்லாத் தெரியும்" என்று வழியும் காட்டினார். ஒரு பஸ் கடக்கும்போதெல்லாம் தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிகிறது.

அறைக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தவர்கள்தான், எழுந்தபோது மாலை நாலு மணி. தெருமுனைக் கடையில் கச்சூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், நாலு கச்சூரி நாற்பது ரூபாய். குழம்பில் தோலோடு வெட்டிப் போட்ட கிழங்கு, லேசான தித்திப்பு. அப்பாவுக்குத் தித்திப்பு ஒத்துக்கொள்ளவில்லை, எனக்குப் பிடித்தது.

ஜனவரி 18, சனி

ஐந்தரைக்கே மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விட்டோம். கொல்கத்தா பக்கத்தில், பாலத்துக்குக் கீழே, ஆற்றுக்கும் வட்ட ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிறது. 1855-இல் தொடங்கிய படித்துறை. எங்கே பார்த்தாலும் செண்டுமல்லி. ஆரஞ்சு, மஞ்சள் சரங்களை வடக்கயிறு கனத்துக்குச் சேர்த்துச் சுருட்டி, கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொண்டு விற்கிறார்கள். முழம் கணக்கு இங்கே கிடையாது, இருபது மாலை ஒரு கட்டு. பேரம் இருநூறு ரூபாயில் ஆரம்பித்தது. இங்கே அடுத்த மாசம் வருகிற சரஸ்வதி பூஜை நெருங்கினால் இரட்டிப்பாகும் என்றார் விற்ற அக்கா. ராணாகாட், கோலாகாட் பக்கத்திலிருந்து இரவோடு இரவாக வருகிற பூ. நிலச்சம்பங்கி வாசனை ஒரு பக்கம், அழுகின தண்டு வாசனை இன்னொரு பக்கம். கீழே முழுக்கச் சேறும் இதழும். என் செருப்பு வார் அங்கேயே அறுந்தது. பாலத்தடியில் உட்கார்ந்திருந்த தொழிலாளி தைத்துக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கினார். அறுந்ததை மட்டும் தைத்துவிட்டு விடவில்லை, மற்றக் காலையும் கழற்றச் சொல்லி அதையும் இழுத்துப் பார்த்து ஒரு தையல் போட்டார். அதற்குக் காசு கேட்கவில்லை.

பாலத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். அப்பா ஒரு தூணருகே போய் நின்றவர் அரை மணி நேரம் நகரவில்லை. இரும்புத் தகடு முழுக்க, விரலிடை தூரத்துக்கு ஒன்றாக, வரிசை வரிசையாகக் குமிழ்கள். ரிவெட் தலைகள். இந்தப் பாலத்தில் நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. அத்தனையும் ரிவெட்.

இது எனக்கு வெறும் தகவலாக இருந்தது. அப்பா சொன்ன பிறகுதான் அந்த வேலை கண்ணில் தெரிந்தது. ஒரு ரிவெட்டுக்கு மூன்று நாலு ஆள் வேண்டுமாம். ஒருவர் உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருவர் ஓட்டைக்குள் செருக வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர் தாங்கிப் பிடிக்க, இந்தப் பக்கம் ஒருவர் அடித்துத் தலை பண்ண வேண்டும். சூடு ஆற ஆற அது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் சேர்த்து இறுக்கிவிடும். "போல்ட்டு அதிர்வுல லூஸ் ஆகும், இது ஆகாது. ஆனா ஒண்ணொண்ணுக்கும் ஆள் சூட்டுல நிக்கணும்மா." கல்கத்தா வெயிலில், 280 அடி உயரத்தில், எண்பது வருஷத்துக்கு முன்னால். அந்த ஆட்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வடிவமைத்த ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் என்ற லண்டன் நிறுவனத்தின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

மொத்தம் 26,500 டன் எஃகு. இங்கிலாந்திலிருந்து வர வேண்டியது. 1939-இல் யுத்தம் வந்ததும் அங்கே இரும்பெல்லாம் யுத்தத்துக்குத் திரும்பிவிட்டது. வந்து சேர்ந்தது 3,000 டன்தான். மீதி 23,000 டன்னுக்கு மேல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலையில் காய்ச்சியது. கனமான பாலத்தைத் தாங்குவதற்கென்றே டிஸ்க்ராம் என்று ஒரு எஃகை அங்கே உண்டாக்கினார்கள். வெள்ளைக்காரன் கட்டிய பாலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இரும்பு நம்முடையது, அடித்த கையும் நம்முடையது.

அப்புறம் மேலே ஏறினோம். பாலத்தின் சாலை ஆற்றில் எந்தத் தூண் மேலும் உட்காரவில்லை. மேலே இருக்கிற இரும்புச் சட்டத்திலிருந்து 39 ஜோடித் தொங்கு கம்பங்கள் அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. நடைபாதை ஓரமாக அந்தக் கம்பங்களின் அடிப்பாகத்தைப் பார்க்கலாம். பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. செங்காவி நிறத்தில் கறை, ஒன்றின் மேல் ஒன்றாக. பான், குட்கா எச்சில். கடந்து போகிறவர்கள் நடை தளராமல் துப்பிக்கொண்டே போகிறார்கள்.

அசிங்கம் என்பதோடு இது முடியவில்லை. பான் எச்சில் இரும்பை அரிக்கிறது. கம்பங்களின் அடியைப் பாதுகாக்கப் போட்டிருந்த எஃகுக் கவசத் தகடுகளை 2011-இல் அளந்து பார்த்தார்கள். 2007-இல் 6 மில்லிமீட்டர் கனம் இருந்தது, நாலு வருஷத்தில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தது. பாதி கனத்தை மனிதர்களின் எச்சில் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் கண்ணாடி இழைக் கவசம் போட்டார்கள். அதைக் கழுவிவிட்டால் போதும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. பறவை எச்சமும் அரிக்கும், அதற்குத் தனியாகச் செலவு செய்து சுத்தம் செய்கிறது பாலத்தைப் பராமரிக்கிற துறைமுக நிர்வாகம். பறவைக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் செய்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தப் பாலத்துக்கு நடந்து போகக் கட்டணம் கிடையாது, வண்டிக்குக் கட்டணம் கிடையாது. தினமும் தன்னைச் சுமந்து போகிற ஒன்றின் காலடியில் துப்ப ஒருவனுக்கு எப்படி மனசு வருகிறது?

அப்பா ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை நனைத்து, எச்சில் படாத ஒரு ரிவெட் தலையின் தூசியைத் துடைத்துப் பார்த்தார். அடியில் அலுமினிய நிறப் பெயின்ட் பளிச்சென்று இருந்தது.

மாலையில் டீ. மண் குடுவையில் பத்து ரூபாய். குடித்துவிட்டு உடைத்துப் போட அப்பாவுக்கு மனமில்லை. பையில் இரண்டு குடுவை சேர்ந்துவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்குப் படகு. ஹவுரா நிலையத்துக்கு எதிரேயே துறை. பாக்பஜார் போகிற படகு பாலத்துக்கு அடியில் புகுந்து வடக்கே போகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது ரூபாய்க்குள்தான். பனி விலகி வெயில் வந்திருந்தது, ஆற்றுக் காற்று மட்டும் காதைக் குத்தியது.

படகில் முன்னால் நின்று பார்த்தால் முதலில் படுவது: ஆற்றுக்குள் எதுவும் இல்லை. கோபுரத்துக்குக் கோபுரம் 1,500 அடி, நடுவில் ஒரு தூண் கிடையாது. ஹூக்ளி வண்டல் ஆறு. உள்ளே தூண் நட்டால் மண் சேர்ந்து கப்பல் வழி அடைந்துவிடும் என்ற பயம்.

அது எப்படி நிற்கிறது என்று கேட்டேன். அப்பா என்னை எதிரே நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, அவரும் கையை நீட்டினார். இரண்டு பேர் விரல் நுனிக்கும் நடுவில் செய்தித்தாளை மடித்து வைத்தார். "இதுதான் நடுப்பாலம். உன் கை ஒண்ணு, என் கை ஒண்ணு. நாம முன்னாடி சாய்ஞ்சிடாம இருக்கப் பின்னாடி யாராவது இழுத்துப் பிடிக்கணும், அதுதான் கரைப் பக்கம் இருக்கிற கை." படகில் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். கணக்கும் அப்படியேதான்: இரு கரையிலிருந்தும் 468 அடிக்குக் கை நீள்கிறது, நடுவில் 564 அடித் துண்டு தொங்குகிறது. 1941 கடைசியில் அந்த நடுத் துண்டைச் சேர்க்க, ஒவ்வொன்றும் 800 டன் தாங்கும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் பதினாறு வேண்டியிருந்தன.

கூடினவர்களில் ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவராம், ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேச ஆரம்பித்தார். அவர் காட்டித்தான் அடித்தளம் பற்றி நான் அறைக்கு வந்து தேடிப் படித்தேன். கோபுரத்துக்கு அடியில் 55 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலத்தில் ஒரு பெட்டியை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள், உள்ளே 21 கிணறு. கிணற்று மண்ணை வெட்டி வெளியே எடுக்க எடுக்கப் பெட்டி தன் கனத்தில் கீழே இறங்கும். இரவும் பகலும் வேலை, ஒரு நாளைக்கு ஒரு அடி, கொஞ்சம் கூட. ஓர் இரவு அடி மண் திடீரென்று விட்டுக்கொடுக்க, மொத்தப் பெட்டியும் ஒரே குதியாக இரண்டு அடி கீழே போனது. அந்த அதிர்ச்சி கிதிர்பூரில் இருந்த நில அதிர்வுக் கருவியில் நிலநடுக்கமாகப் பதிவானது. கரையில் இருந்த ஒரு கோயில் இடிந்தது. பிறகு கட்டிக் கொடுத்தார்கள்.

வெட்டி எடுத்த சேற்றில் என்னவெல்லாம் வந்தது என்பதும் எழுதி வைத்திருக்கிறார்கள். நங்கூரங்கள், பீரங்கிகள், பீரங்கிக் குண்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காசுகள். கல்கத்தா பக்கம் ஊற்று மணல் சரிந்து வந்ததால், அழுத்தம் ஏற்றிய காற்றை உள்ளே அடைத்து, அதற்குள் ஆட்களை இறக்கி வெட்ட வைத்தார்கள். அந்த வேலைக்கு மட்டும் சுமார் 500 பேர். தரையிலிருந்து 26 மீட்டருக்கு மேல் இறங்கிக் களிமண்ணில் நிறுத்தினார்கள்.

பாலத்துக்கு நேர் கீழே படகு போனபோது அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். அடியிலிருந்து பார்த்தால் வானமே இரும்புக் குறுக்குச் சட்டமாக இருக்கிறது. மேலே பஸ் போகிற சத்தம் இடி மாதிரி உருண்டு கடந்தது.

இதற்கு முன்னால் இதே இடத்துக்குப் பக்கத்தில் மிதவைப் பாலம் ஒன்று இருந்தது. 1874-இல் வந்தது. கட்டி முடிக்கும் முன்பே புயலில் எகிரியா என்ற நீராவிக் கப்பல் கட்டறுந்து வந்து மோதி மூன்று மிதவைகளை மூழ்கடித்தது. கப்பல் போக வேண்டுமென்றால் நடுவே 200 அடித் துண்டைக் கழற்றி ஒதுக்க வேண்டும். அதுவரை இரு கரையிலும் வண்டிகளும் சனங்களும் காத்துக் கிடப்பார்கள். புதிய பாலம் வேண்டும் என்று குழுக்கள் போட்டு, சட்டம் போட்டு, ஒப்பந்தம் கேட்டு முப்பது வருஷம் போனது. குறைந்த விலை சொன்னது ஒரு ஜெர்மன் நிறுவனம். 1935-இல் ஐரோப்பாவில் இருந்த பதற்றத்தில் அதற்குக் கொடுக்கவில்லை.

திறப்பு விழாவே நடக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம். 1942 டிசம்பர் 20 இரவிலிருந்து ஜப்பான் விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. அன்றைக்கு உலகத்திலேயே மூன்றாவது நீளமான கான்டிலீவர் (இப்படிக் கை நீட்டி நிற்கிற) பாலத்தை, கொடி, பேச்சு, பேண்டு எதுவும் இல்லாமல், 1943 பிப்ரவரி 3 இரவில் திறந்துவிட்டார்கள். முதலில் போனது ஒரு டிராம் வண்டி. அந்த டிராமும் 1993-இல் நின்றுபோனது, பாலம் தாங்கும் கனத்தைக் குறைப்பதற்காக.

பாக்பஜாரில் இறங்கி ரசகுல்லா. நவீன் சந்திர தாஸ் 1868-இல் பஞ்சு மாதிரி ரசகுல்லாவை இங்கேதான் பண்ண ஆரம்பித்தார் என்கிறார்கள். பெயரில்லாத ஒரு சின்னக் கடையில் ஒன்று பதினைந்து ரூபாய். குளிர்காலமானதால் ஈச்ச வெல்லம் போட்ட பழுப்பு நிற ரசகுல்லாவும் இருந்தது, அது இருபது. வெள்ளையை விட்டுவிட்டு அதைச் சாப்பிடுங்கள். தித்திப்பு வேண்டாம் என்றவர் மூன்று சாப்பிட்டார். கடைக்காரர் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று என்னிடம் கேட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூன்றாவதை வைத்தார்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் மெட்ரோ. எஸ்பிளனேடிலிருந்து ஹவுராவுக்குப் பத்து ரூபாய். 2024 மார்ச்சில் வந்தது, நாட்டிலேயே ஆற்றுக்கடியில் போகிற முதல் மெட்ரோ. ஆற்றைக் கடக்கும் 520 மீட்டருக்கு 45 வினாடி. சுரங்கச் சுவரில் நீல விளக்கு போட்டிருக்கிறார்கள், அது வந்ததும் பெட்டி முழுக்கப் போன்கள் எழும்புகின்றன. வேகம், சுத்தம், ஏசி எல்லாம் இருக்கிறது. இத்தனை பேர் இதில் போனால் பாலத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். ஹவுரா நிலையத்தில் முப்பது மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து எஸ்கலேட்டர் மேல் எஸ்கலேட்டராக ஏறி வெளியே வர, படகில் ஆற்றைக் கடக்கிற அளவு நேரம் ஆகிறது.

மதியம் வரை வண்டிக்கு நேரம் இருந்தது. பெட்டிகளை நிலையத்தில் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை பாலத்தில் பாதி தூரம் நடந்தோம். கூட்டம் குறைவு, வெயில் இதமாக இருந்தது. ஒரு தொங்கு கம்பத்துக்குப் பக்கத்தில் வாய் நிறையப் பானோடு ஒருவர் நின்று தலையைத் திருப்பினார். அப்பா கையைக் கூப்பி, "பாய், யஹா நஹி" (தம்பி, இங்கே வேண்டாம்) என்றார். இந்த நாலு நாளில் அவர் கற்றுக்கொண்ட இந்தி அது. அந்த மனிதர் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நடந்து போனார். பாலம் தாண்டி எங்கே துப்பினாரோ.

நிலையத்துக்கு வந்து பெரிய கடிகாரத்தின் அடியில் நின்றோம். 1926-இலிருந்து இரண்டு பக்கமும் முகம் வைத்து ஓடுகிற கடிகாரம். கொல்கத்தாக்காரர்கள் யாரையாவது சந்திக்க வேண்டுமென்றால் இதன் அடியில்தான் சந்திக்கிறார்கள். பயணத்துக்கு லுச்சி என்கிற மைதா பூரியும் கத்தரிக்காய் வறுவலும் கட்டிக்கொண்டோம், எண்பது ரூபாய். வெளியே ஈச்ச வெல்ல அச்சு கிலோ முந்நூறு சொன்னார்கள், இருநூற்றி ஐம்பதுக்கு முடிந்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார் விற்றவர், பெட்டிக்குள் போட்டால் உருகித் துணியெல்லாம் வாசனை ஏறிவிடுமாம். வண்டி இந்தத் தடவை சரியான நேரத்துக்குக் கிளம்பியது.